கட்டப்படாதவற்றைக் காட்டும் உலா: பான்ஃப் தேசியப் பூங்காவில் ஒரு நாள்

உணவகத்தை மதிப்பிட வேண்டுமானால் தட்டில் என்ன வந்தது என்று சொல்லலாம். விடுதியை மதிப்பிட வேண்டுமானால் அறையையும் குளியலறையையும் சொல்லலாம். இங்கே நான் மதிப்பிட எடுத்துக்கொண்டிருக்கும் சேவை, பெரும்பாலும் இல்லாத பொருள்களைக் காட்டுவதற்காகவே நடத்தப்படுகிறது. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்திலுள்ள பான்ஃப் தேசியப் பூங்காவில், உள்ளூர் இயற்கைப் பாதுகாப்பாளர்களின் சிறு குழு ஒன்று கோடையில் ஒரு நாள் உலாவுக்கு மக்களை அழைத்துச் செல்கிறது. ரோப் கார் ஏறாத மலை, ஒலிம்பிக் போட்டி நடக்காத சரிவு, விடுதி நகரம் எழும்பாத ஏரிப் பக்கம், வேலி பிடுங்கப்பட்ட புல்வெளி என்று ஒவ்வொன்றாகக் காட்டி, அவை ஏன் அப்படி இருக்கின்றன என்பதை விளக்குவதுதான் நிகழ்ச்சி. ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் நான் இதில் கலந்துகொண்டேன். நடத்துகிறவர்கள் அனைவரும் ஊதியமின்றி உழைப்பவர்கள் என்பதாலும், நிறையோடு குறையையும் சொல்லப்போகிறேன் என்பதாலும் குழுவின் பெயரை எழுதவில்லை.

கட்டணம் கிடையாது, முடிவில் விரும்பியதைக் கொடுக்கலாம். பூங்கா நுழைவுச் சீட்டும் பேருந்துச் செலவும் நம்முடையவை. எங்கள் அணியில் பன்னிரண்டு பேர் இருந்தோம். வழிகாட்டி ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அந்தப் பள்ளத்தாக்கிலேயே நெடுங்காலம் வாழ்ந்தவர். பொது விசாரணைகளில் எழுந்து நின்று பேசிப் பழகிய குரல் அவருக்கு. ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

அங்கே ஓடும் ஆற்றின் பெயர் ‘போ’. வில்லைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அது. தமிழ்க் காதில் வேறு விதமாக விழுகிறது. ஆண்டுக்கு 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து குவியும் இடத்தில், ஆறே விருந்தாளிகளைப் பார்த்து ‘போ’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பில் அன்று முழுவதும் எனக்குள் ஒரு சிரிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

உலா காலையில் பான்ஃப் ரயில் நிலையத்தை ஒட்டிய இலவச வாகன நிறுத்தத்தில் தொடங்கியது. அழகான இடங்கள் நிறைந்த பூங்காவில் வாகன நிறுத்தத்திலிருந்தா தொடங்குவது என்று முதலில் தோன்றியது. வெளியூர்க்காரர்கள் காரை அங்கேயே விட்டுவிட்டு நடந்தோ பேருந்திலோ நகருக்குள் போக வேண்டும் என்பதற்காக அமைத்த இடம் அது. எதிரே நார்க்வே மலை நிற்கிறது. இந்த நிலையத்திலிருந்து அந்த மலையின் பனிச்சறுக்குத் தளத்துக்கு ரோப் கார் அமைக்கும் திட்டம் ஒன்று அண்மை ஆண்டுகளில் முன்வைக்கப்பட்டது. பூங்காக்களை நிர்வகிக்கும் பார்க்ஸ் கனடா அதற்கு இசையவில்லை. மலைச்சாலையில் கார்கள் குறையும் என்பது திட்டத்தை விரும்பியோரின் வாதம். சாலையில் குறையும் கூட்டம் உச்சியில் பல மடங்காகப் பெருகும், அதுவும் விலங்குகள் நகரைச் சுற்றிக் கடக்கும் சரிவின் மேலேயே பெருகும் என்பது எதிர்த்தோரின் வாதம். வழிகாட்டி இரண்டாம் தரப்பைச் சேர்ந்தவர். ஆனாலும் முதல் வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துச் சொன்ன பிறகே தன் பதிலுக்கு வந்தார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. மாலையில் அது தளர்ந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பூங்காவின் பிறப்பைப் பற்றியும் அவர் பூசி மெழுகவில்லை. 1883-இல் ரயில்பாதைத் தொழிலாளர்கள் வெந்நீர் ஊற்றைக் கண்டார்கள். 1885-இல் அதைச் சுற்றி 26 சதுர கிலோமீட்டர் ஒதுக்கப்பட்டது. 1887-இல் அது விரிந்து கனடாவின் முதல் தேசியப் பூங்காவானது. மறு ஆண்டே ரயில் நிறுவனத்தின் மாபெரும் விடுதி திறக்கப்பட்டது. பணம் படைத்த பயணிகளை ரயிலில் ஏற்றுவதற்காகவே பிறந்த பூங்கா இது என்பதை ஒரு பாதுகாப்பாளர் வாயால் கேட்பது அரிது. சூழலியல் முழுமையைப் பேணுவதும் மீட்பதுமே பூங்கா நிர்வாகத்தின் முதல் முன்னுரிமை என்பது 2000-ஆம் ஆண்டின் தேசியப் பூங்காக்கள் சட்டத்தில்தான் இன்றைய அழுத்தத்தோடு எழுதப்பட்டது. பிறந்து நூறாண்டு கழித்து ஒருவருக்குப் புதிய பெயர் வைப்பதைப் போன்ற காரியம் இது; பழைய பெயரைச் சொல்லி அழைப்பவர்கள் ஊரில் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நகரப் பேருந்தில் ஏறிக் கேஸ்கேட் குளங்களுக்குப் போனோம். அன்றைய நாளின் மிகச் சிறந்த ஒரு மணி நேரம் இங்கேதான் கழிந்தது. பான்ஃப் பூங்காவின் பரப்பு 6,641 சதுர கிலோமீட்டர். ஆனால் பெரும்பகுதி பாறையும் பனியும் செங்குத்துச் சரிவும்தான். குளிர்காலத்திலும் இரை கிடைக்கக்கூடிய தாழ்ந்த பள்ளத்தாக்கு நிலம் ஏறக்குறைய 3 விழுக்காடு மட்டுமே. எல்க் மானுக்கும் ஓநாய்க்கும் கரடிக்கும் தேவையான அந்தச் சிறு நிலத்தில்தான் நெடுஞ்சாலையும் ரயில்பாதையும் பான்ஃப் நகரும் அமர்ந்திருக்கின்றன. நகருக்கும் கேஸ்கேட் மலையடிவாரத்துக்கும் இடையிலுள்ள இடுக்கில் ஒரு காலத்தில் காட்டெருமைப் பட்டி, பயிற்சிப் படையினர் முகாம், விமான ஓடுதளம் ஆகிய அனைத்தும் இருந்தன. 1997-இல் பட்டியும் முகாமும் அகற்றப்பட்டன. ஓடுதளம் அவசரத் தேவைக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. அதன் பின் ஓநாய்கள் அந்த வழியை முன்னைவிட அதிகமாகப் பயன்படுத்தின என்று தடங்களைப் பின்தொடர்ந்த ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள்.

இவ்வளவையும் வழிகாட்டி விளிம்பில் நின்றுகொண்டே சொன்னார். அணியில் ஒருவர் பட்டி இருந்த இடத்தை நேரில் பார்க்க வேண்டும் என்றார். “அங்கே நாம் போகாமலிருப்பதற்காகத்தான் அதை அகற்றினோம்” என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார். காசு வாங்கும் சுற்றுலா நிறுவனம் எதுவும் வாடிக்கையாளரிடம் இப்படிச் சொல்லாது. தொலைநோக்கி ஒன்றை மட்டும் கைமாற்றிப் பார்த்தோம். ஒரு விலங்கும் தென்படவில்லை. புல், மரம், காற்று. வெறும் நிலத்தை இருபது நிமிடம் பார்த்துக்கொண்டு நிற்க வைத்து, அதில் சலிப்பு வராமலும் செய்தது அந்த விளக்கத்தின் வெற்றி.

பின்பு நகருக்குத் திரும்பி, பூங்காவுக்குள்ளேயே இருக்கும் ஏரிக்கரை ஊரான லேக் லூயிஸ் செல்லும் பேருந்துக்காகக் காத்திருந்தோம். குழுவினர் நேர அட்டவணையைத் தவறாகப் படித்திருந்ததால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வீணானது. மதிய உணவு கொண்டுவரச் சொல்லியிருந்தார்களே தவிர, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்று யோசித்திருக்கவில்லை. நடைமேடையில் நின்றபடியே சாப்பிட்டோம். அவர்கள் கொடுத்த வரைபடத் தாளில் எழுத்துகள் மிகப் பொடியாக இருந்தன. அறுபது வயதைக் கடந்த மூவர் அதை மடித்துப் பையில் வைத்துவிட்டார்கள். வேன் அமர்த்திக்கொள்ளாமல் பொதுப் பேருந்தில்தான் போவோம் என்ற பிடிவாதம் புரிகிறது. அந்தப் பிடிவாதத்துக்கு அட்டவணையை ஒழுங்காகப் படிக்கும் பழக்கமும் துணையாக வர வேண்டும்.

பேருந்துப் பயணத்தையே வகுப்பாக மாற்றியது நல்ல உத்தி. நெடுஞ்சாலையின் இருபுறமும் உயரமான வேலி. இடையிடையே சாலைக்கு மேல் மரங்கள் முளைத்த பாலங்கள். பூங்காவுக்குள் இத்தகைய விலங்குக் கடப்புகள் 44 உள்ளன: மேம்பாலங்கள் 6, சுரங்கப் பாதைகள் 38. வேலியும் கடப்புகளும் சேர்ந்து விலங்குகள் வாகனத்தில் மோதும் விபத்துகளை 80 விழுக்காட்டுக்கு மேல் குறைத்தன. எல்க், மான் ஆகியவற்றில் மட்டும் கணக்கிட்டால் குறைவு 96 விழுக்காடு. கிரிஸ்லி கரடிகள் பாலங்களை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. பழகுவதற்குச் சில ஆண்டுகள் பிடித்தன. தொடக்கத்தில் இதை வீண்செலவு என்று எள்ளியவர்கள் பலர். இன்று பல நாட்டுப் பொறியாளர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். இந்தப் பகுதியில் வழிகாட்டியின் குரலில் பெருமிதம் தெரிந்தது. ஆனால் பாலம் கட்டியதால் இருவழிச் சாலையை நான்குவழிச் சாலையாக அகலப்படுத்துவதும் எளிதாயிற்று அல்லவா என்று ஒரு பெண்மணி கேட்டார். ஆம் என்று ஒப்புக்கொண்டு, அதற்கு மேல் நீட்டாமல் விட்டுவிட்டார். அதைத்தான் நீட்டியிருக்க வேண்டும். பாதுகாப்பு ஏற்பாடு ஒன்று வளர்ச்சிக்கான அனுமதிச் சீட்டாகவும் மாறுவது மலைப் பூங்காக்களின் கதையில் திரும்பத் திரும்ப வருவதல்லவா?

அதற்கான சிறந்த எடுத்துக்காட்டு லேக் லூயிஸிலேயே காத்திருந்தது. முதலில் பழைய வெற்றிகளைச் சொன்னார். 1972 குளிர்கால ஒலிம்பிக்கைப் பான்ஃபில் நடத்தக் கனடா போட்டியிட்டது. பூங்காவுக்குள் ஒலிம்பிக் வேண்டாம் என்று இயற்கைப் பாதுகாப்பாளர்கள் குரல் எழுப்பினார்கள். 1966-இல் ரோமில் நடந்த வாக்கெடுப்பில் சப்போரோ வென்றது. பின்னர் 1988-இல் கால்கரிக்கு ஒலிம்பிக் வந்தபோது, மலைச்சரிவுப் போட்டிகள் நாகிஸ்காவிலும் நெடும்பனிநடைப் போட்டிகள் கான்மோரிலும் நடந்தன. இரண்டும் தேசியப் பூங்காவுக்கு வெளியே. அடுத்தது லேக் லூயிஸ் கிராமத் திட்டம். ஒரு பெரிய எண்ணெய் நிறுவனத்தின் பணபலத்தோடு வந்த விடுதி நகரத் திட்டம் அது. 1972-இல் கால்கரியில் பொது விசாரணை நடந்தது; எதிர்ப்பு பெருகியது; அப்போது துறை அமைச்சராக இருந்த, பின்னாளில் பிரதமரான ழான் கிரெச்சியன் அதே ஆண்டில் திட்டத்தை நிராகரித்தார். பூங்கா விவகாரம் அதிகாரிகளின் அறையை விட்டு வெளியே வந்து மக்கள் முன்னிலையில் தீர்ந்த முக்கியமான தருணம் அது. இந்தக் கதையை வழிகாட்டி சொன்ன விதத்துக்காகவே மறுமுறையும் வரலாம்.

சிக்கல் 2015-க்கு வந்தபோது தொடங்கியது. அந்த ஆண்டு லேக் லூயிஸ் பனிச்சறுக்குத் தளம் எதுவரை வளரலாம் என்பதற்கான நெறிமுறை ஒப்புதல் பெற்றது. தளத்தின் குத்தகை நிலத்தில் 669 ஹெக்டேர் காட்டுக்குத் திரும்பும். பதிலுக்கு ஒரு நாளைய சறுக்குநர் எண்ணிக்கை 6,000-இலிருந்து 11,500 வரை உயர இடம் கிடைக்கும். நிலத்தின் அளவால் பார்த்தால் இயற்கைக்கு இலாபம். ஆள் நடமாட்டத்தால் பார்த்தால் நட்டம். பாதுகாப்பு அமைப்புகள் இதை வெளிப்படையாகவே எதிர்த்தன. எந்த அளவுகோலைக் கையில் எடுக்க வேண்டும், நிலத்தின் பரப்பையா மனிதரின் எண்ணிக்கையையா என்பது இந்த விவாதத்தின் உயிர்நாடியான கேள்வி. இத்தனைக்கும் அது எங்களுக்கு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. வெற்றியடைந்த போராட்டங்களுக்கு ஒரு மணி நேரமும் முடிவு கலங்கலாக அமைந்ததற்கு ஐந்து நிமிடமும் ஒதுக்குவது ஆசிரியரின் குறையா மனித இயல்பா என்று தெரியவில்லை. கேட்க வந்தவருக்கு அது இழப்புதான்.

கான்மோர் பற்றிய பகுதியும் அப்படியே விரைந்தது. பூங்கா எல்லைக்குச் சற்று வெளியே இருக்கும் அந்த ஊரில், மூன்று சகோதரிகள் எனப்படும் சிகரங்களின் அடிவாரத்தில் ஊரையே ஏறக்குறைய இரட்டிப்பாக்கக்கூடிய குடியிருப்புத் திட்டங்களை நகர மன்றம் 2021-இல் நிராகரித்தது. 2022-இல் மாகாணத் தீர்ப்பாயம் மனை நிறுவனத்துக்குச் சாதகமாக ஆணையிட்டது. 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நகரின் மனுவை ஏற்கவில்லை. பூங்காவுக்குள் ஒரு சட்டம், கோட்டைத் தாண்டினால் வேறு சட்டம். கோடு எங்கே என்பது கரடிக்குத் தெரியாது. 148 என்ற எண் கொண்ட பெண் கிரிஸ்லி இந்தப் பள்ளத்தாக்கில் மனிதரோடு அடிக்கடி எதிர்ப்பட்டதால் 2017-இல் தொலைவுக்கு மாற்றப்பட்டது. பிரிட்டிஷ் கொலம்பியா எல்லைக்குள் நடந்தபோது, அங்கே அப்போது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட வேட்டையில் இறந்தது. இதைச் சொன்னபோது பேருந்தில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

இனி முதன்மையான குறை. அணியில் மலைச் சைக்கிள் ஓட்டும் இளைஞர் ஒருவர் இருந்தார். லேக் லூயிஸில் நாங்கள் ஆற்றங்கரையில் அமர்ந்திருந்தபோது அவர் கேட்டார்: “இங்கே ஓட்டாதே, அங்கே ஓட்டாதே என்று காலையிலிருந்து கேட்டுவிட்டேன். நான் எங்கேதான் ஓட்டுவது?” நியாயமான கேள்வி. பதில் இருந்திருக்கிறது. நெடுஞ்சாலையோரம் பான்ஃபையும் கான்மோரையும் இணைக்கும் லெகசி பாதை 2010-இல் திறக்கப்பட்டது. பழைய போ பள்ளத்தாக்குச் சாலையின் கிழக்குப் பகுதியில் 17 கிலோமீட்டருக்கு மார்ச் 1 முதல் ஜூன் 25 வரை இரவு 8 மணி முதல் காலை 8 மணி வரை போக்குவரத்து தடை செய்யப்பட்டிருக்கிறது. 2022-இல் சோதனையாகத் தொடங்கிய ஏற்பாட்டின்படி வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் அதே பகுதியில் பகலிலும் கார்கள் நிறுத்தப்பட்டு, சாலை சைக்கிள்களுக்கு விடப்படுகிறது. இரவு விலங்குகளுக்கு, பகல் சைக்கிளுக்கு என்ற இந்தப் பங்கீடு எவ்வளவு விவாதிக்கத் தக்கது! சத்தமில்லாமல் வேகமாக வரும் சைக்கிள் கரடியைத் திடுக்கிட வைக்கும் என்ற அச்சம் ஒரு பக்கம். கார் இல்லாத சாலையே விலங்குக்கு நல்லது என்ற எண்ணம் மறுபக்கம். வழிகாட்டி இவற்றில் எதற்குள்ளும் நுழையவில்லை. பூங்கா விளையாட்டு மைதானம் அல்ல என்று பொதுவாகச் சொல்லி அடுத்ததற்குப் போய்விட்டார். காலையில் எதிர்த்தரப்பை அவ்வளவு கண்ணியமாக எடுத்துரைத்தவர், எதிர்த்தரப்பு நேரில் வந்து உட்கார்ந்தபோது தடுமாறினார்.

மொரைன் ஏரிச் சாலையில் 2023 முதல் தனியார் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. ஷட்டில் பேருந்திலோ சைக்கிளிலோதான் போக வேண்டும். சைக்கிள்காரருக்கு இதையே நல்ல பதிலாகச் சொல்லியிருக்கலாம். பொழுதுபோக்கைக் குறைக்காமல் அதன் வடிவத்தை மாற்றிய ஏற்பாடு அது. விடியலுக்கு முன்பே நிரம்பி வழிந்த வாகன நிறுத்தமும், காலி இடம் தேடி வந்து ஏமாந்து திரும்பும் கார் வரிசையும் மறைந்தன. ஆனால் இருக்கை முன்பதிவு சில நொடிகளில் தீர்ந்துபோகும் நாள்களில், இணையத்தில் விரைந்து விரல் ஓட்டத் தெரிந்தவருக்கே ஏரி என்றாகிவிடுகிறது. இதைப் பற்றிப் பேசாமல் கடந்ததும் எனக்கு ஏமாற்றமே.

இன்னொரு விடுபடலையும் சொல்ல வேண்டும். இந்த நிலத்தின் மூத்த குடிகளில் ஒருவரான ஸ்டோனி நக்கோடா மக்கள் லேக் லூயிஸைச் சிறு மீன்களின் ஏரி என்று அழைத்தார்கள். பூங்கா உருவானபின் அவர்கள் வேட்டையாடுவது தடுக்கப்பட்டது. அதே காலத்தில் பயணிகளின் வேடிக்கைக்காகப் ‘பான்ஃப் இந்தியன் டேஸ்’ என்ற விழாவுக்கு மட்டும் அவர்கள் அழைக்கப்பட்டார்கள். பாதுகாப்பு என்ற சொல்லின் பெயரால் முதலில் வெளியேற்றப்பட்டவர்கள் யார் என்பதைச் சொல்லாமல் வளர்ச்சி பற்றிய வாதம் நிறைவு பெறாது. தொடக்கத்தில் மரியாதை நிமித்தமாக ஒரு வாக்கியம் வந்தது, அதோடு சரி.

போக விரும்புவோருக்கு: பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இது ஒத்துவராது, நடை குறைவு, நின்று கேட்பது அதிகம். ஜூனிலும் குளிராடை வேண்டும். கரடி விரட்டும் தெளிப்பானைக் குழுவினரே கொண்டுவருகிறார்கள். படம் எடுக்கும் ஆவலோடு போனால் ஏமாற்றம்தான். ஏரிக்கரையில் எங்களுக்குக் கிடைத்தது அரை மணி நேரம். காலைப் பகுதிக்கு நான் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன், மாலைப் பகுதிக்கு இரண்டு.

திரும்பும் பேருந்தில் ஒன்று நடந்தது. இடம் கிடைக்காத நெருக்கடியில் வழிகாட்டியும் அந்தச் சைக்கிள் இளைஞரும் ஒரே இருக்கையில் அமர நேர்ந்தது. இளைஞர் கைபேசியில் தான் ஓட்டும் தடங்களைக் காட்டினார். பெரியவர் பொடி எழுத்து வரைபடத்தை முழங்காலில் விரித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, இந்த இடத்தில் மே மாதம் வேண்டாம், இங்கே ஜூலைக்குப் பின் பரவாயில்லை, இதை நீங்களே மூடச் சொல்லி எழுதுங்கள், நாங்களும் கையெழுத்திடுகிறோம் என்று விரலால் கோடு போட்டுக்கொண்டே வந்தார். பான்ஃப் வரும்வரை இருவரும் ஓயவில்லை. பின்னிருக்கையிலிருந்து நான் ஒட்டுக்கேட்ட அந்த உரையாடல் அன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லை.